வந்தவாசிக் கோட்டையும் நம் சிறாரும்

செய்யாற்றுப் பள்ளிச் சிறாரை உபாத்தியாயர் ஒருநாள் வந்தவாசிக் கோட்டைக்கு அழைத்துச் செல்ல முற்படுங்கால், "பாழ்மதிலில் என்ன இருக்கிறது?" என நம்மவருட் சிலர் தடுப்பது தகாது. 1760-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் நாள் ஆங்கிலத் தளபதி அயர் கூட், பிரெஞ்சுத் தளபதி லாலியை அவ்வூரருகே வென்றார், புஸ்ஸி சிறைப்பட்டார், மறு ஆண்டு ஜனவரியிற் புதுச்சேரியும் வீழ்ந்தது. இவ்வளவும் பாடபுத்தகத்திலேயே உண்டு. ஆனால் அவ்விரு கும்பினியாரும் இக்கரையை நாடியது பெரிதும் நெசவாளர் நெய்த துணியின் பொருட்டே என்பதை யார் எடுத்துரைப்பர்? தறியொலியில் வளர்ந்த பிள்ளை, துணி வாங்க வந்தவர் பீரங்கி முழக்கிய களத்தை ஒருமுறையேனும் மிதித்துப் பார்க்க வேண்டாமா? பெண்மக்களையும் அனுப்புக. கட்டுச்சோற்றை மறவற்க! வண்டிச்சத்தம் கொடுக்க இயலாத குடும்பத்தார் கூச்சமின்றி நம் சங்கக் காரியதரிசியிடம் தெரிவிப்பாராக.