'கான் வித் தி விண்ட்' – ஒரு காதல் படமும் அதன் பல பார்வையாளர்களும்

1939-ஆம் ஆண்டு டிசம்பர் 15. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அன்று அரசு விடுமுறை. தலைநகர் அட்லாண்டாவில் இருந்த லோயஸ் கிராண்ட் திரையரங்கில் 'கான் வித் தி விண்ட்' முதன்முதலாகத் திரையிடப்பட்டது. நடிகர்களைக் காணத் தெருக்களில் பெருங்கூட்டம் கூடியது. உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களுக்காகப் போரிட்ட முதியவர்கள் சிலர் சிறப்பு விருந்தினர்களாக வந்திருந்தனர். ஆனால் அந்தப் படத்தில் நடித்த கறுப்பின நடிகர்கள் எவருக்கும் அரங்கினுள் இடமில்லை. ஜார்ஜியாவில் அப்போது இன ஒதுக்கல் சட்டம் நடைமுறையில் இருந்தது.

ஒரே படத்தை மக்கள் எப்படி வெவ்வேறு விதமாகப் பார்த்தார்கள் என்ற கதை இந்த முதல் காட்சியிலேயே தொடங்கிவிடுகிறது.

மார்கரெட் மிட்சல் எழுதி 1936-இல் வெளியான நாவலே இந்தப் படத்திற்கு அடிப்படை. தயாரித்தவர் டேவிட் செல்ஸ்னிக். இயக்குநராகப் பெயர் பெற்றவர் விக்டர் ஃபிளெமிங். பருத்தித் தோட்டக்காரரின் மகளான ஸ்கார்லெட், தனக்குக் கிடைக்காத ஆஷ்லியை நினைத்துக்கொண்டே, தன்னை விரும்பும் ரெட் பட்லரை இழக்கிறாள். இதற்கிடையே 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போர் அவளுடைய செல்வத்தை அழித்துவிடுகிறது. ஸ்கார்லெட்டாக நடித்தவர் டார்ஜிலிங்கில் பிறந்த ஆங்கில நடிகை விவியன் லீ. ரெட் பட்லராக நடித்தவர் கிளார்க் கேபிள். ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஓடும் இந்தப் படம், பணவீக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், உலகிலேயே அதிகம் வசூலித்த படமாக இன்றும் சொல்லப்படுகிறது.

அட்லாண்டாவின் வெள்ளையர்கள் இதில் தங்கள் தாத்தா பாட்டியின் உலகத்தைக் கண்டார்கள். தோற்ற போருக்குத் திரையில் கிடைத்த மரியாதையாக இதைக் கருதினார்கள். திரையிடலுக்கு முந்தைய நாள் இரவு நடந்த விருந்தில், கறுப்பினத் தேவாலயப் பாடகர் குழு ஒன்று அடிமைகளின் உடையணிந்து பாடியது. அந்தக் குழுவில் பத்து வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான். அவன்தான் பின்னாளில் இன ஒதுக்கலை எதிர்த்துப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்.

கடல் கடந்து லண்டனில் இதே படத்திற்கு வேறொரு பொருள் கிடைத்தது. 1940 ஏப்ரலில் அங்கு வெளியான படம் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து ஓடியது. ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசிய நாட்களிலும் மக்கள் பார்க்க வந்தார்கள். எரியும் நகரம், பசி, வீடு திரும்பாத ஆண்கள், எதற்கும் விழாமல் நிற்கும் ஒரு பெண் ஆகியவை அவர்களுக்கு வெறும் பழங்கதையாக இருந்திருக்க முடியாது.

கறுப்பின அமெரிக்கர்கள் கண்டது இன்னொரு படம். அதில் அடிமைகள் சிரித்த முகத்துடன் எஜமானர்களுக்கு உழைக்கிறார்கள். விடுதலை கிடைத்த பின்னும் விலகிப் போக மனமில்லாமல் இருக்கிறார்கள். படம் தயாராகும்போதே, கறுப்பினத்தவரின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யின் செயலாளர் வால்டர் ஒயிட், செல்ஸ்னிக்குக்குக் கடிதம் எழுதினார். எதிர்ப்புகளின் விளைவாக ஓர் இழிசொல் வசனத்திலிருந்து நீக்கப்பட்டது. நாவலில் வரும் கு கிளக்ஸ் கிளான் என்ற வன்முறைக் கும்பலின் பெயரும் திரையில் வரவில்லை. ஆனால் கதையின் பார்வை மாறவில்லை. 1940-இல் நாடக ஆசிரியர் கார்ல்டன் மாஸ் தயாரிப்பாளருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, கறுப்பினப் பாத்திரங்கள் ஒவ்வொன்றும் எப்படித் திரிக்கப்பட்டுள்ளன என்று எடுத்துக்காட்டினார். சில நகரங்களில் திரையரங்குகளின் முன் மறியலும் நடந்தது.

அந்த எதிர்ப்பிலும் ஒரு சிக்கல் இருந்தது. வேலைக்காரி மேமியாக நடித்த ஹாட்டி மெக்டேனியல், 1940 பிப்ரவரி 29 அன்று சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றார். அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. விழா நடந்த அரங்கில் அவருக்குத் தனி மேசைதான் கிடைத்தது. அவருடைய மக்களில் சிலர் பெருமைப்பட்டனர். வேறு சிலர், வேலைக்காரி வேடங்களையே ஏற்கிறார் என்று கண்டித்தனர். மிச்சிகனில் ஒரு சிற்றூர்த் திரையரங்கில் ஒரே கறுப்பினப் பார்வையாளனாக இருந்த சிறுவன், வேலைக்காரச் சிறுமி பிரிஸி வரும் காட்சியில் வெட்கத்தால் குன்றிப் போனான். பின்னாளில் இதைத் தன் சுயசரிதையில் சொன்னவர் மால்கம் எக்ஸ்.

பெண்களிடையேயும் ஒரே கருத்து இல்லை. ஆங்கில ஆய்வாளர் ஹெலன் டெய்லர், இந்தப் படத்தின் ரசிகைகளிடம் கருத்துக் கேட்டு 1989-இல் ஒரு நூல் வெளியிட்டார். சொந்தக் காலில் நிற்பவள் என்று ஸ்கார்லெட்டைப் போற்றியவர்கள் பலர். ஆனால் ரெட் அவளை வலுக்கட்டாயமாக மாடிப்படியில் தூக்கிச் செல்லும் காட்சி காதலா வன்முறையா என்பதில் அவர்கள் பிரிந்து நின்றனர்.

2020 ஜூனில், ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலரால் கொல்லப்பட்டதை எதிர்த்து அமெரிக்கா கொந்தளித்த நாட்களில், எச்.பி.ஓ. மேக்ஸ் நிறுவனம் இந்தப் படத்தைத் தன் இணையச் சேவையிலிருந்து தற்காலிகமாக நீக்கியது. இரண்டு வாரங்களில், திரைப்படப் பேராசிரியை ஜாக்குலின் ஸ்டூவர்ட்டின் அறிமுக உரையுடன் படம் திரும்பி வந்தது. அப்போது பலரும் சொன்ன வாதம் இது: "அந்தக் காலத்தில் இதை யாரும் தவறாக நினைக்கவில்லை. இன்றைய அளவுகோலால் பழைய படத்தை அளக்கலாமா?"

வரலாறு இந்த வாதத்துக்கு இடம் தரவில்லை. தவறு என்று சொன்னவர்கள் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள். கடிதம் எழுதினார்கள், தட்டி பிடித்து நின்றார்கள். ஸ்டூவர்ட்டின் உரை நினைவூட்டிய குறைகளை, 80 ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் திரையரங்க வாசலில் நின்று சொல்லிவிட்டார்கள். அன்று அதைக் காது கொடுத்துக் கேட்டவர்கள்தான் குறைவு.