தாதியர் பதவியுயர்வு: வடமராட்சி

வல்வெட்டித்துறை ஊரணி வைத்தியசாலையிலும் மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலையிலும் பணிபுரியும் தாதியர் இலங்கைத் தாதியர் சேவையைச் சேர்ந்தவர்கள். மூன்றாம் தரத்தில் நியமனம் பெற்று, சேவைக்காலத்தாலும் வினைத்திறன்காண் தடைதாண்டல் பரீட்சையாலும் முதலாம் தரம்வரை உயர்கிறார்கள். அதற்கு அப்பால் பெரும்பாலும் விடுதிப் பொறுப்புச் சகோதரி, மேற்றன் போன்ற நிருவாகப் பதவிகளே உள்ளன. நோயாளியின் கட்டிலருகே முதிரும் திறமைக்கு இந்த ஏணியில் படியே இல்லை.

இத்தொழில் இங்கு வளர்ந்த வரலாறு நீண்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மேனாட்டு மருத்துவத்தின் வேர் அமெரிக்க மிஷன் பணியில் இருக்கிறது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1848 முதல் மானிப்பாயிலிருந்து பணியாற்றினார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, பின்னர் தமிழிலேயே மாணவரைப் பயிற்றினார். ஆனால், அவரிடம் பயின்று வைத்தியரானவர்கள் ஆண்கள். பெண்களுக்கான இனுவில் மக்லியொட் வைத்தியசாலை, அதே மிஷனைச் சேர்ந்த லீச் சகோதரிகள் திரட்டிய நிதியால் அந்த நூற்றாண்டின் இறுதியில்தான் எழுந்தது. குடாநாட்டுப் பெண்கள் தாதித்தொழிலுக்குள் நுழைய அது முக்கிய வாசலாயிற்று. 1939 இல் கொழும்பில் தாதியர் பாடசாலை தொடங்கியது. இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தாதியியலில் நான்காண்டுப் பட்டமும் வழங்குகிறது.

பயிற்சி இப்படி வளர்ந்தும் பதவியுயர்வு கட்டிலருகுத் திறமையைக் கணக்கில் எடுப்பதில்லை. ஓர் உதாரணம்: டெங்குக் காய்ச்சலில் குருதியின் திரவம் கசியும் கட்டம் ஒன்றிரண்டு நாட்களே நீடிக்கும். அப்போது மணிக்கொரு தடவை சிறுநீரை அளந்து, மேல், கீழ் இரத்த அழுத்தங்களுக்கிடையேயான வித்தியாசம் 20 மி.மீ. பாதரசமாகக் குறுகுவதை முதலில் காண்பவர் இரவுக் கடமையிலிருக்கும் தாதி. அவரது கணிப்பில் நோயாளியின் உயிர் தங்கியிருக்கிறது. அந்தக் கணிப்புக்காக அவர் ஒரு தரமும் உயர்வதில்லை. புதிய தாதி நிபுணராக வளரும் ஐந்து கட்டங்களைத் தாதியியல் அறிஞர் பற்றீசியா பென்னர் 1984 இலேயே வகுத்துக் காட்டினார். பல நாடுகளின் வைத்தியசாலைகள் அதைத் தழுவி, விடுதியை விட்டகலாமலே உயரும் படிநிலைகளை அமைத்தன.

இங்கும் அத்தகைய படிநிலைகளை அமைக்கலாம். சேவை மூப்பைக் கைவிட்டால் செல்வாக்குப் புகுந்துவிடும் என்பது தொழிற்சங்கத்தினர் பலரின் அச்சம். அது நியாயமான அச்சமே. ஆனால் மூப்பை அகற்ற வேண்டியதில்லை. அதனோடு வேற்று வைத்தியசாலையினர் அடங்கிய குழுவின் செயன்முறை மதிப்பீட்டைச் சேர்த்தால் போதும். சிறிய வைத்தியசாலைக்கு நிபுணத் தாதி எதற்கு என்றும் கேட்கப்படுகிறது. ஊரணியில் படுத்திருப்பவரை எந்த மணிநேரத்தில் மந்திகைக்கு அனுப்புவது என்ற கேள்வியை முதலில் எழுப்ப வேண்டியவர் அங்குள்ள தாதிதான். விசேட நிபுணர்களும் தீவிர சிகிச்சைப் பிரிவும் இல்லாத இடத்துக்கே அந்தத் தேர்ச்சி அதிகம் தேவை.