புகைக்குழாயும் புகைபோக்கியும்: வள்ளூரிலிருந்து ஒரு மின்வாகனக் கணக்கு

எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் இரண்டு வகை இங்கே முக்கியம். ஒருவகைக் கப்பல் ஒடிசாவின் தால்சர் நிலக்கரியைப் பாரதீப்பில் ஏற்றிவந்து இறக்குகிறது. அந்த நிலக்கரி கன்வேயர் ஏறி வள்ளூர் அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. இன்னொருவகைக் கப்பல் ஒரகடம் பக்கத்துப் புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு வெளிநாடு போகிறது. நிசான் 2010இல் தன் ஏற்றுமதியை இங்கேதான் தொடங்கியது. கார் கம்பெனிகள் ஏன் மின்சாரத்துக்கும் ஹைபிரிடுக்கும் மாறுகின்றன என்பதை இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் விளக்க முடியாது.

சுற்றுச்சூழல் அக்கறையே காரணம் என்பது விளம்பரம் சொல்லும் விடை. ஆனால் விதிகளைப் புரட்டினால் வேறு கணக்கு தெரிகிறது. ஐரோப்பிய ஒன்றியம் புதுக் கார்களின் சராசரி கரியமில வாயு வெளியேற்றத்தைக் கிலோமீட்டருக்கு 95 கிராமாகக் குறைத்தது. மீறும் ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ அபராதம். இந்தியாவில் இந்த வரம்பு 2017-18இல் 130 கிராம், 2022-23 முதல் 113. வரம்பு தனி வண்டிக்கு அல்ல, கம்பெனி விற்கும் மொத்த வண்டிகளின் சராசரிக்கு. அந்தச் சராசரியில் ஒரு மின்கார் மூன்று கார்களாகவும், முழு ஹைபிரிட் இரண்டாகவும் எண்ணப்படும். ஆக, மின்கார் விற்கிற கம்பெனி, லாபம் கொழிக்கும் பெரிய டீசல் வண்டிகளைத் தொடர்ந்து விற்பதற்கான இடத்தையும் சேர்த்தே சம்பாதிக்கிறது. 2010இல் கிலோவாட்-மணிக்கு 1,000 டாலரைத் தாண்டியிருந்த பேட்டரி விலை 2024இல் 115 டாலர் அளவுக்கு இறங்கியது. அதன்பின் இந்தக் கணக்கு கையைக் கடிக்கவும் இல்லை.

விதி மட்டும் போதாது, வாங்க ஆள் வேண்டும் என்பதற்கு எண்ணூரிலேயே சாட்சி இருக்கிறது. 1948இல் அசோக் மோட்டார்ஸாகப் பிறந்து, ஆஸ்டின் கார்களைப் பூட்டி, 1955இல் பெயர் மாறிய எண்ணூர் அசோக் லேலண்ட், 2016 அக்டோபரில் ‘சர்க்யூட்’ என்ற மின்பேருந்தை அறிமுகப்படுத்தியது. ஆனால் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் 120 தாழ்தள மின்பேருந்துகள் வியாசர்பாடி பணிமனையிலிருந்து கிளம்பியது 2025 ஜூன் 30 அன்று. எண்ணூருக்கும் வியாசர்பாடிக்கும் தூரம் ஒன்றுமில்லை. இடையில் ஒன்பது ஆண்டு ஏன்? தொழில்நுட்பம் தயாராக இருந்தது. டீசல் பேருந்தைவிடப் பல மடங்கு விலையை முன்பணமாகக் கொட்ட, நட்டத்தில் ஓடும் கழகத்தால் ஆகவில்லை. பேருந்தையும் ஓட்டுநரையும் ஒப்பந்ததாரரே தந்து, கிலோமீட்டர் கணக்கில் பணம் பெற்றுக்கொள்ளும் முறை வந்தபிறகே முடிச்சு அவிழ்ந்தது. கண்டக்டரும் டிக்கெட் வசூலும் கழகத்திடம். இந்த முறைமீது தொழிற்சங்கங்களுக்குள்ள கோபம் தனிக் கட்டுரைக்குரியது.

ஹைபிரிட் விஷயத்தில் கம்பெனிகளுக்குள்ளேயே மல்லுக்கட்டு. டொயோட்டாவும் மாருதியும் வரிச்சலுகை கேட்டன. மின்காரில் பணம் போட்ட டாடாவும் மஹிந்திராவும் கூடாது என்றன. 2025 செப்டம்பர் வரை பெரிய ஹைபிரிட் காருக்கு வரி 43 விழுக்காடு, மின்காருக்கு 5.

இந்த வித்தியாசம் நியாயமா? தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். நூறு கிலோமீட்டருக்கு 15 யூனிட் குடிக்கும் மின்கார், யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு விடும் நம் மின்தொகுப்பில், கிலோமீட்டருக்கு 105 கிராம் வெளியேற்றுகிறது. லிட்டருக்கு 25 கிலோமீட்டர் தரும் ஹைபிரிட் 92 கிராம்தான். மணலி ஆலையில் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது வெளியாகும் கரியமில வாயுவையும் சேர்த்தால் ஏறத்தாழ சமம். காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகப் பெருக மின்காரின் கணக்கு குறையும், ஹைபிரிடின் கணக்கு அப்படியே நிற்கும். நீண்டகாலத்துக்கு மின்காரே சரி என்பதற்கு இதுவே வலுவான வாதம். ஆனால் ‘புகையே இல்லாத வண்டி’ என்று இன்று சொல்வதை இது தாங்காது.

அந்தப் புகையில் ஒரு பங்கு வள்ளூரில் இருக்கிறது. தேசிய அனல்மின் கழகமும் தமிழக மின்வாரியமும் கூட்டாக நடத்தும் 1,500 மெகாவாட் நிலையம் அது. எண்ணூர்க் கழியில் இறங்கிக் கையால் இறால் தடவுகிறவர்கள், சேற்றில் கலந்த அனல்மின் சாம்பலைப் பற்றி ஆண்டுக்கணக்காகப் புகார் சொல்லி வருகிறார்கள். அண்ணா சாலையில் பேருந்து புகை விடாமல் போவது நல்லதே. அதற்கான மின்சாரத்தின் கழிவு வந்து சேரும் இடத்தில் விதி எப்படி நடந்துகொள்கிறது என்பதே கேள்வி.

இங்கேதான் இரட்டை அளவுகோல் வெளிப்படுகிறது. வாகனப் புகைக்கான பாரத் ஸ்டேஜ் (பிஎஸ்) வரம்புகளில் பிஎஸ்-5ஐத் தாண்டிக் குதித்து பிஎஸ்-6, குறித்தபடி 2020 ஏப்ரலில் அமலானது. கொரோனாவிலும் அரசு பின்வாங்கவில்லை. அனல்மின் நிலையங்களின் கந்தக டை ஆக்சைடுக்கு 2015 டிசம்பரில் போட்ட வரம்புக்கோ 2017 என்று கெடு வைத்து, அதைத் திரும்பத் திரும்ப நீட்டித்தார்கள். கடைசியில் 2025 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தக நீக்கக் கருவி கட்டாயமில்லை என்றே அறிவித்துவிட்டது.