வந்தவரும் நின்றவரும்

பிற நாடொன்றில் தோன்றிய தாபனம் நம் நாட்டில் பணியாற்றும்பொழுது, அது செலவிட்ட பொருள் எவ்வளவு என்று கேட்பது உலக வழக்கு. அதனினும் முதன்மையாகக் கேட்கத்தக்க வினா ஒன்றுண்டு. அங்கே கடமையாற்றியோர் யாவர்? அவர்கள் சென்றபின் அப்பணியை ஏற்று நடத்த நின்றோர் யாவர்? யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனின் வரலாறு இவ்வினாவிற்கு நல்ல விடை தருகின்றது.

1816ஆம் ஆண்டில் இம்மிஷனார் யாழ்ப்பாணம் வந்து, தெல்லிப்பழை முதலிய ஊர்களில் தங்கினர். சமயம் பரப்புதலே அவர்தம் முதல் நோக்கம். எனினும் வந்தவர்கள் போதகர் மட்டுமல்லர். டானியல் பூவர் கல்லூரிக் கல்வி நிரம்பிய ஆசிரியர். ஜோன் ஸ்கடர் நியூயோர்க் நகரில் வைத்தியத் தொழிலை விட்டு வந்தவர். 1820இல் அச்சுத் தொழில் வல்ல கறெற் என்பவர் வந்தார். ஆங்கில அரசாங்கமோ அவரை இங்குத் தங்கவிடவில்லை. புதிய அமெரிக்கர் வருதற்கிருந்த தடை 1833 வரை நீடித்தது.

நேயர்களே! அத்தடையால் ஒரு நன்மையும் விளைந்தது. வெளிநாட்டிலிருந்து ஆள் வாராதபொழுது உள்நாட்டில் ஆளை ஆக்குதல் வேண்டுமன்றோ? 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி அவ்வாறு தமிழ் ஆசிரியரையும் எழுத்தாளரையும் உருவாக்கிற்று. 1841இல் வெளிவந்த 'உதயதாரகை'யின் ஆசிரியரான ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் இருவரும் தமிழரே. மாணாக்கருக்குப் பொருளுதவிய அமெரிக்கரின் பெயரை அம்மாணாக்கருக்கு இடும் வழக்கம் அன்று இருந்தது. பதிவேட்டில் அந்நியராகத் தோன்றும் பலர் நம் அயலூரவரே என்பதை வரலாறு படிப்போர் மறத்தலாகாது.

1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் இவ்வழியை இன்னும் ஒருபடி மேலே கொண்டு சென்றார். மறு ஆண்டே மானிப்பாயில் அமர்ந்து வைத்திய மாணாக்கருக்கு ஆங்கிலத்திற் கற்பிக்கத் தொடங்கினார். ஆங்கிலத்திற் கற்றோர் உயர்ந்த சம்பளம் தேடித் தொலைவிடம் செல்வர். தமிழிற் கற்றோர் தம் கிராமத்தில் நிலைப்பர் என்பதைப் பின்னர் உணர்ந்தார். 1864 முதல் தமிழையே போதனாமொழி ஆக்கினார். ஆங்கிலமே உத்தியோகத்திற்கு வாயிலாயிருந்த அக்காலத்தில் இது துணிவான முடிபு.

கற்பிக்க நூல் வேண்டும். நூலுக்குக் கலைச்சொல் வேண்டும். கிறீன் முதலிற் தமிழிலும், பின்னர் வடமொழியிலும் சொல் தேடினார். இரண்டிலும் கிடையாதபொழுதே ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் வடித்தார். 1867இல் 'இரண வைத்தியம்' என்ற சத்திரசிகிச்சை நூலும், 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற உடற்கூற்று நூலும் வெளிவந்தன. டான்போர்த், சாப்மன் முதலிய தமிழ் மாணாக்கர் அம்மொழிபெயர்ப்புப் பணியில் தோள் கொடுத்தனர். அவரிடம் கற்ற வைத்தியர் 60க்கு மேற்பட்டோர். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிற் கற்றவர்.

1873இல் கிறீன் தாயகம் திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் நூற்பணியைத் தொடர்ந்து 1884இல் மறைந்தார். மானிப்பாயில் அவர் பெயரால் வைத்தியசாலை இன்றும் நிற்கின்றது. கட்டடத்தினும் பெரிய நினைவு, நள்ளிரவில் நோயாளியின் வீட்டிற்கு நடந்து சென்று, அவன் மொழியிலேயே நோயை விளக்கிய கிராமத்து வைத்தியர் பரம்பரையாகும். அந்நிய உதவி நிலைபெறுவது, உதவ வந்தவர் தம் இடத்தில் நிற்கத்தக்கவரை அந்நாட்டு மக்களிடையே ஆக்கிவிட்டுச் செல்லும்பொழுதேயாம்.