உற்றவன், நோயாளி, உரியவர்

அரசு மருத்துவமனை ஒவ்வொன்றிலும் தொங்கும் ஒரு பெயர்ப்பலகையை இன்று சற்று நின்று படிப்போம்: 'புறநோயாளிகள் பிரிவு'. வாழ்க்கை முழுவதையும் அகம், புறம் என்று இரண்டாகப் பகுத்துப் பாடிய மொழி, மருத்துவமனைக்குள் வந்ததும் புறத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அகத்தை விட்டுவிட்டு, 'உள்நோயாளி' என்று பெயரிட்டதைக் கவனித்திருப்பீர்கள். 'அகநோயாளி' என்று எழுதியிருந்தால் அது காதல்வயப்பட்டவரைக் குறித்துவிடும் என்று பெயரிட்டவர் அஞ்சினார் போலும்! அந்த அச்சத்துக்கு நியாயம் உண்டு. பழந்தமிழில் நோய் என்பது உடல் படும் துன்பத்தையும் பிரிவில் மனம் படும் துன்பத்தையும் வேறுபாடின்றிக் குறித்த சொல்.

மருத்துவத்தை மருத்துவர் மட்டும் பயில்வதில்லை. தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சமூக மருத்துவத்துக்கும் சமுதாய நலவாழ்வுக்குமான மையம் சமூக அறிவியல் புலத்தில் அமைந்திருக்கிறது. பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியில் மருத்துவச் சட்டத்துக்கும் மருத்துவ அறத்துக்கும் முதுநிலைப் பட்டயப் படிப்பு உண்டு. இத்தகைய படிப்புகள் ஊசியையும் மருந்தையும் ஆராய்வதைவிட, நோயுற்ற மனிதருக்குச் சமூகம் தரும் இடம் எது, சட்டம் தரும் இடம் எது என்றே மிகுதியாக ஆராய்கின்றன. அந்த இடம் மாறும்போதெல்லாம் அவர் பெயரும் மாறியிருக்கிறது. ஆகவே 'நோயாளி' என்ற ஒரு பெயரைப் பிரித்தாலே அப்படிப்பின் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும்.

நோதல், நோவு, நோய், நொந்துபோதல் எல்லாம் ஒரே அடியில் கிளைத்தவை. அவை துன்பத்தை உணர்பவரின் பக்கம் நின்று பேசுபவை. என் நோவை நான்தான் அறிவேன். மருத்துவர் ஆய்ந்து பெயர் சூட்டும் நோய் வேறு, நோயுற்றவர் நாள்தோறும் வாழ்ந்து படும் நோய் வேறு என்ற வேறுபாட்டை உளமருத்துவர்கள் லியான் ஐசன்பர்க், ஆர்தர் கிளைன்மன் போன்றோர் 1970களின் பிற்பகுதியில் வலியுறுத்தினார்கள். நம் சொல்லோ, பிறப்பிலேயே உணர்பவரின் பக்கம் நிற்கிறது. அதன் தோழியான 'பிணி' வேறு வழியில் வந்தவள். பிணித்தல் என்றால் கட்டுதல். உடலைக் கட்டிப்போடுவது பிணி. சிறையிலிருப்பவரை வெளிக்கொணர நீதிமன்றம் கேட்கும் 'பிணை'யும் இச்சொல்லுக்கு உறவுதான். ஒன்று உடலைக் கட்டுவது, மற்றொன்று சொல்லால் கட்டுண்டு உடலை விடுவிப்பது.

இனி 'ஆளி'க்கு வருவோம். ஆளுதல் என்பது அரசு புரிதலையும், உடைமையாகக் கொள்ளுதலையும், கையாளுதலையும் ஒருங்கே சுட்டும் வினை. முதலை உடையவர் முதலாளி, தொழிலை உடையவர் தொழிலாளி, பங்கை உடையவர் பங்காளி. ஆனால் கடனாளி கடனை ஆள்கிறாரா, கடன் அவரை ஆள்கிறதா? நோயாளியிடமும் இதே ஐயம் எழுகிறது. இந்த ஈற்றின் செரிக்கும் ஆற்றலையும் சொல்லவேண்டும்: ஆங்கிலேயர் சொன்ன 'சிக்' நம் ஊர் நாவில் 'சீக்கு' ஆகி, கோழிக்கும் ஆட்டுக்கும்கூட வந்து, கடைசியில் ஆளியைச் சேர்த்துக்கொண்டு 'சீக்காளி' என்று நம் வீட்டுச் சொல்லாகவே அமர்ந்துவிட்டது.

இந்த ஆளிக்கு முன்பு வேறொரு பெயர் இருந்தது. திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயாளியை 'உற்றான்' என்றும் 'உற்றவன்' என்றும் சொல்கிறது. உறுதல் என்றால் வந்து அடைதல், தொடுதல், நேர்தல். ஐம்புலன்களில் தொடுவுணர்வுக்கு 'ஊறு' என்று பெயர். தீங்குக்கும் அதே பெயர். நம்மை வந்து சேர்ந்தவர் உற்றார், அச்சேர்க்கை உறவு. உற்றவன் என்பது வினையாலணையும் பெயர், அதுவும் இறந்தகாலத்தது: நோய் வந்து தொட்டது, அவ்வளவே. நோயாளி என்ற பெயரில் நோய் ஒருவரின் உடைமையாகி ஒட்டிக்கொள்ள, உற்றவன் என்ற பெயரில் அது அவருக்கு நேர்ந்த ஒரு நிகழ்ச்சியாக மட்டுமே நிற்கிறது.

மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணும்போது வள்ளுவர் உற்றவனை முதலில் வைக்கிறார்; பின்பே நோய் தீர்ப்பான், மருந்து, அருகிருந்து பணிசெய்யும் உழைச்செல்வான் என்று வரிசை போகிறது. வடமொழிச் சரக சங்கிதையும் இந்நான்கையே எண்ணுகிறது. ஆனால் அங்கே மருத்துவர் முதலில், நோயாளி கடைசியில். யாப்புக்காக வள்ளுவர் உற்றவனை முன்னே வைத்தார் என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் அதற்கு முந்திய குறளிலும் நோயின் அளவுக்கும் காலத்துக்கும் முன்னே உற்றான் அளவையே அவர் வைத்திருப்பது, வைப்புமுறை தற்செயலன்று என்று நம்பத் தூண்டுகிறது.

'தீர்ப்பான்' என்ற பெயரையும் நாவில் வைத்துச் சுவைத்துப் பாருங்கள். நோயைத் தீர்ப்பவர் மருத்துவர். வழக்கைத் தீர்ப்பவர் நீதிபதி, அவர் தருவது தீர்ப்பு. தீராத நோய், தீராத வழக்கு என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறோம். சட்டத்தையும் மருத்துவத்தையும் ஒருசேரப் பயில்வதற்கு இதைவிடப் பொருத்தமான வேர்ச்சொல் வேறென்ன வேண்டும்?

உரையாசிரியர் பரிமேலழகர், நான்கு கூறுகளை எண்ணும் அக்குறளுக்கு உரை எழுதும்போது ஒவ்வொரு கூறுக்கும் நான்கு வகை சொல்கிறார். உற்றவனுக்கு வேண்டியவை: கையில் பொருள் இருத்தல், மருத்துவர் சொல்வழி நிற்றல், நோயின் நிலையை எடுத்துரைத்தல், மருந்து தரும் துன்பத்தைப் பொறுத்தல். அமெரிக்கச் சமூகவியலர் டால்கட் பார்சன்ஸ் 1951இல் நோயுற்றவர் ஏற்கும் பாத்திரத்தை விளக்கினார்: அன்றாடக் கடமைகளிலிருந்து விலக்கு உண்டு, நோய்க்காக அவரைக் குறைகூறக் கூடாது, அதற்கு ஈடாக அவர் நலம்பெற விரும்பவேண்டும், தகுதியுள்ளவரை நாடி அவரோடு ஒத்துழைக்கவேண்டும். மருத்துவர் சொல்வழி நிற்றல் என்ற இடத்தில் இருவரும் சந்திக்கிறார்கள். ஆனால் கையில் பொருள் இருத்தலை முதல் வகையாக வைத்த உரையாசிரியரின் கூர்மையை வியக்காமல் இருக்க முடியவில்லை. பொருளில்லாத உற்றவன் என்ன செய்வான்? இன்றைய நலவாழ்வுச் சட்டம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

அக்கேள்வியின் நடுவே நிற்பது இன்னொரு பெயர்: 'கேஸ்'. மருத்துவமனையில் நோயாளி ஒரு கேஸ், நீதிமன்றத்தில் வழக்கு ஒரு கேஸ். இரண்டும் மோதும் இடத்தில், விபத்தில் அடிபட்டவரை 'போலீஸ் கேஸ்' என்று சொல்லி மருத்துவமனைகள் திருப்பி அனுப்பின. 1989இல் உச்சநீதிமன்றம், முதலில் உயிரைக் காக்கவேண்டும், சட்ட நடைமுறைகள் பிறகுதான் என்று தீர்ப்பளித்தது. 1995இல் அதே நீதிமன்றம், கட்டணம் பெறும் மருத்துவச் சேவை 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் அடங்கும் என்றது. நோயாளி நுகர்வோர் ஆனார். நுகர்தல் என்றால் முகர்தல், துய்த்தல். மருந்தின் கசப்பைத் துய்ப்பவருக்கு இப்பெயர் சற்று வேடிக்கைதான், ஆனால் கேள்வி கேட்கும் வலிமையை அது தந்தது. எல்லோருக்கும் இலவசமாகவே மருத்துவம் தரும் இடங்கள் அந்தச் சட்டத்துக்கு வெளியே நின்றன. ஆகவே அரசு மருத்துவமனை வரிசையில் நிற்பவருக்கு அப்பெயர்கூடக் கிட்டவில்லை. அவருக்காக 1996இல் மற்றொரு தீர்ப்பு வந்தது. தொடர்வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட மேற்கு வங்கத்து உழவுத் தொழிலாளி ஒருவரை, படுக்கை இல்லை என்று அரசு மருத்துவமனைகள் அடுத்தடுத்துத் திருப்பி அனுப்பியது, அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையை மீறிய செயல் என்று நீதிமன்றம் அறிவித்தது. 2009இல் தமிழ்நாட்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது நோயாளி 'பயனாளி' ஆனார். மறுபடியும் ஆளி! பயனை உடையவர் என்று சொல் சொல்கிறது. ஆனால் காப்பீட்டு அட்டையும் பயனாளிப் பட்டியலும் கொடுப்பவர் கையில் இருக்கின்றன.

பிணி கட்டுதலைக் குறிக்கும் என்றேனே, அதை உருவகமென்று எண்ணியிருப்பீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோய்க் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தவர்களில் 28 பேர் தப்ப வழியின்றி மாண்டார்கள். 1912ஆம் ஆண்டுச் சட்டம் மனநோயுற்றவரை நிலவோடு தொடர்புபட்ட 'லூனடிக்' என்ற பழைய ஐரோப்பியச் சொல்லால் அழைத்தது. 1987ஆம் ஆண்டுச் சட்டம் அச்சொல்லைக் கைவிட்டது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று தடைவிதித்ததோடு, தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையையும் தந்தது. அறுவைக்கு முன் நோயாளியின் மெய்யான இசைவைப் பெறவேண்டும் என்று 2008இல் உச்சநீதிமன்றம் சொன்னதும் இந்த வழியிலேயே. இசைதல், இசைவு: கட்டளைக்குப் பணிவதன்று, இரண்டு குரல்கள் ஒத்துப்போவது.

நோயாளி என்ற பெயரைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. ஊனமுற்றோர் என்றதை மாற்றுத்திறனாளி என்று மாற்றிய தமிழ்நாடு, உறுதலிலிருந்து ஆளுதலுக்கு ஒரு பெயரை நகர்த்திக் காட்டியிருக்கிறது. தன் உடலைத் தானே ஆள்பவர், தனக்கான மருத்துவத்துக்கு உரியவர் என்ற பொருள் நிறையும்போது அவருக்கு 'ஆளி' ஈறு முழுவதும் பொருந்தும். சட்டமும் சமூகவியலும் தமிழில் பயிலும் மாணவர்கள் இந்தச் சொற்களைப் பாடமாகவே எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மருத்துவமனையில் யாரேனும் 'அந்த கேஸ்' என்று சொன்னால், அந்த மனிதரின் பெயரைக் கேளுங்கள்.