குழிப்பந்தும் கிண்டித் திடலும்

காட்டுப்பள்ளிக் கரையில் நிற்கிறோம். கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், இடையிலே மணல். வலை உலர்ந்த மணலை ஒட்டி இன்று துறைமுகம் ஓங்கி நிற்கிறது. இதுபோன்றதொரு கடலோர மணற்பரப்பில்தான், ஸ்காட்லாந்து நாட்டிலே, கோல்ஃப் எனும் குழிப்பந்தாட்டம் வளர்ந்தது.

ஆடு மேய்ந்து குட்டையான புல், காற்று குடைந்த மணற்குழி – இவையே அன்றைய ஆடுகளம். ஏர் ஏறாத நிலம். எனவே ஊருக்குப் பொதுவான நிலம். செயின்ட் ஆண்ட்ரூசு நகர மக்கள் அத்திடலில் விளையாடும் உரிமையை 1552ஆம் ஆண்டுச் சாசனமே ஒப்புக்கொண்டது. ஆம், ஊராரின் உரிமை!

அதே ஆட்டம் கப்பலேறி இங்கு வந்தபோது என்னவாயிற்று? 1829இல் கல்கத்தாவில் கழகம் கண்டனர் வெள்ளையர். பிரிட்டனுக்கு வெளியே அதற்கு மூத்த கோல்ஃப் கழகம் இல்லை என்பர். சென்னையில் 1884இல் ஜிம்கானா கழகம் எழுந்தது. படைத் தலைவர்களும் துரைமாரும் கூடிய இடம். அதன் கோல்ஃப் திடல், அந்நாளில் நகருக்குப் புறத்தே இருந்த கிண்டியில், குதிரைப் பந்தய ஓடுபாதையின் வளையத்துக்குள்ளேயே அமைந்தது. சுற்றிலும் குதிரை, நடுவிலே பந்து. பொதுமக்களோ வேலிக்கு வெளியே! ஊர்ப்பொது ஆட்டம் உயர்குலச் சின்னமாக உருமாறிய விந்தையைப் பாரீர்.

வேலிக்குள் போன ஏழையரும் உண்டு. புல் வெட்டப் போனார்கள். பை சுமக்கப் போனார்கள். கோலைத் தொடலாம், எடுத்து நீட்டுவதற்காக மட்டும்! ஆயினும் கல்கத்தாக் கழகத்தில் புல்திடல் பேணிய ஊழியரின் மகன் சௌராசியா, பார்த்துப் பார்த்தே பயின்று, 2008இல் தில்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். திறமை பிறப்பில் இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கிண்டி நிலத்தின் கணக்குக்கு வருவோம். பந்தயக் கழகத்துக்கு 160 ஏக்கருக்குச் சற்று மிகுந்த அரசு நிலம், 1940களின் நடுவில், 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. ஆண்டு வாடகை 614 ரூபாயும் சில்லறையும். ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு நான்கு ரூபாய்கூட இல்லை! வகுப்பில் இக்கணக்கைக் கொடுத்தால், எங்கோ தவறிவிட்டோம் என்று பிள்ளைகள் மீண்டும் வகுத்துப் பார்ப்பார்கள். அன்றைய ரூபாயின் மதிப்பு வேறு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நகரம் வளர்ந்து, கிண்டி அதன் நெஞ்சகமான பின்னும் பழைய தொகையே போதுமென வாதிட்டதை எந்த நீதி ஏற்கும்? 1970 முதற்கொண்டு உயர்த்திய வாடகையின் நிலுவை 730 கோடி ரூபாய்க்கு மேல் என்று 2023இல் உயர்நீதிமன்றம் செலுத்தச் சொல்லிற்று.

2024 செப்டம்பரில் அரசு குத்தகையை நீக்கி நிலத்தைக் கைக்கொண்டது. கழகம் வழக்காடு மன்றம் ஏறியது. 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா என அறிவிப்பு வந்தது. மழைநீர் தேங்கக் குளங்களும் வெட்டத் தொடங்கினர். ஆண்டுதோறும் வேளச்சேரி வீடுகளுக்குள் புகும் வெள்ளத்தின் ஒரு பகுதியேனும், துரைமார் பந்தடித்த அந்தப் பள்ளத்திலே தங்கட்டும் என்பதற்காக.