பீட்டர் கபால்டி: 23 நிமிடப் படத்தின் இயக்குநர்

பீட்டர் கபால்டி (பிறப்பு: 14 ஏப்ரல் 1958, கிளாஸ்கோ) ஸ்காட்லாந்து நடிகர், திரைக்கதை ஆசிரியர், இயக்குநர். 'டாக்டர் ஹூ' தொடரின் நாயகனாக உலகெங்கும் தெரிந்த முகம். அந்த வேடம் வருவதற்கு ஏறத்தாழ 20 ஆண்டுகள் முன்பே அவர் கையில் ஓர் ஆஸ்கர் இருந்தது. குறும்படம் ஒன்றை இயக்கியதற்காகக் கிடைத்தது அது.

இத்தாலிய வேர் கொண்ட அவர் குடும்பத்துக்கு ஐஸ்கிரீம் வியாபாரம். கிளாஸ்கோ கலைப் பள்ளியில் படித்தபோது பங்க் இசைக்குழு ஒன்றில் பாடிக்கொண்டிருந்தார். பில் ஃபோர்சைத் இயக்கிய 'லோக்கல் ஹீரோ' (1983) அவரை நடிகராக்கியது. 'டேஞ்சரஸ் லியேசான்ஸ்' (1988) படத்திலும் வேடம் கிடைத்தது. ஆனாலும் பெரும்பாலும் துணைப் பாத்திரங்களே தேடி வந்தன. தனக்கான வேடத்தைத் தானே எழுதிக்கொள்ள முனைந்ததில் பிறந்தது 'சாஃப்ட் டாப் ஹார்ட் ஷோல்டர்' (1992).

குறும்படத்தின் வித்து ஒரு நாக்குழறல். ஃபிராங்க் காப்ரா இயக்கிய 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்தைச் சொல்ல வந்த கபால்டியின் மனைவி, நடிகை எலைன் காலின்ஸ், காப்ராவுக்குப் பதில் எழுத்தாளர் காப்காவின் பெயரைச் சொல்லிவிட்டார். அந்தத் தவறே 'ஃபிரான்ஸ் காப்காஸ் இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' (1993) என்ற தலைப்பாயிற்று. பிபிசி ஸ்காட்லாந்தும் ஸ்காட்டிஷ் திரைப்பட நிதியமும் சேர்ந்து நடத்திய 'டார்டன் ஷார்ட்ஸ்' திட்டத்தில் உருவான முதல் படங்களில் இதுவும் ஒன்று. பின்னாளில் லின் ராம்சேயின் 'கேஸ்மேன்' குறும்படமும் அதே திட்டத்தில்தான் வந்தது.

படத்தின் கதை நடப்பது கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு. 'உருமாற்றம்' கதையின் முதல் வாக்கியத்தோடு மல்லாடுகிறார் காப்கா. கதைநாயகன் கிரெகோர் சாம்சா எதுவாக மாறி விழிக்கிறான்? வாழைப்பழமா, கங்காருவா? கீழ்வீட்டிலிருந்து விருந்துச் சத்தம். நடுவில் தொலைந்துபோன தன் கரப்பான்பூச்சியைத் தேடி ஒரு கத்திக்காரன் வருகிறான். இருளும் நீண்ட நிழல்களுமாகப் பழைய ஜெர்மானியப் படங்களை நினைவூட்டும் காட்சிகள். காப்காவாக வரும் ரிச்சர்ட் இ. கிராண்ட், சிரிக்க வைக்க முயலவே இல்லை. சொல் வராமல் தவிக்கும் எழுத்தாளனின் வேதனையை அப்படியே நடிக்கிறார். சிரிப்பு அங்கிருந்துதான் வெடிக்கிறது. 23 நிமிடத்தில் ஒரு காட்சிகூட உபரி இல்லை.

பாஃப்டா விருது கிடைத்தது. 1995இல் ஆஸ்கரும் வந்தது. வாக்குகள் சமமானதால் அதை அமெரிக்கக் குறும்படமான 'ட்ரெவர்' உடன் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது.

அதன் பிறகு இயக்குநர் கபால்டிக்குப் பாதை எளிதாக இல்லை. முழுநீளப் படமான 'ஸ்ட்ரிக்ட்லி சினாட்ரா' (2001) எடுபடவில்லை. 2005இல் தொடங்கிய 'தி திக் ஆஃப் இட்' தொடரில் வாய் திறந்தாலே வசை பொழியும் மால்கம் டக்கராக வந்ததும் நடிகர் இயக்குநரை முந்திவிட்டார். இருந்தும் அவர் இயக்கத்தைக் கைவிடவில்லை. முதியோர் மருத்துவமனை வார்டு ஒன்றில் நிகழும் 'கெட்டிங் ஆன்' (2009) தொடரைக் கூச்சலில்லாமல், பரிவோடு இயக்கினார். 2012இல் பழைய பிரிட்டிஷ் சினிமா பற்றிய கற்பனை ஆவணப்படமான 'தி கிரிக்கிள்வுட் கிரேட்ஸ்' வந்தது. மறு ஆண்டு 'டாக்டர் ஹூ' அறிவிப்பு வெளியானது.

இயக்குநராக அவருடைய முதலிடப் படைப்பு இன்றும் அந்தக் குறும்படமே. காப்காவைப் படித்த வாசகர்கள் 23 நிமிடம் ஒதுக்கி அவசியம் பார்க்க வேண்டும்.